நாய் வீட்டுப் பொருளை விழுங்கினால் கமக்காரர் செய்ய வேண்டியவை

கமக்காரருடைய வீட்டிலே நாய் வெறும் செல்லப் பிராணியன்று. நெற்பயிர் கதிர் தள்ளும் காலத்திற் காட்டுப்பன்றி வயலுக்குள் இறங்காதபடி இரவு முழுவதும் காவல் செய்வதும், மரவள்ளி, வற்றாளை முதலிய கிழங்குத் தோட்டங்களை முள்ளம்பன்றியினின்று காப்பதும், களத்திலே குவித்த நெல்லுக்கும் கிணற்றடியில் வைத்த நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் துணையாயிருப்பதும் அதுவே. இத்தகைய நாயொன்று ஊசியையோ, தூண்டிலையோ, மாங்கொட்டையையோ, பொலித்தீன் பையையோ விழுங்கி இறந்துபோதல் பெரும்பாலும் தடுக்கக்கூடிய இழப்பாகும்.

இவ்வாறான வேளைகளில் வீட்டார் இரு வகையாகத் தவறுவதுண்டு. ஒரு சாரார், நாய் எதனையும் செரித்துவிடும் என்று எண்ணி வாளாவிருப்பர். மற்றொரு சாரார் பதற்றங் கொண்டு, உப்புநீரைப் பருக்கியும், தொண்டைக்குள் விரலை விட்டும், தொங்கும் நூலைப் பிடித்து இழுத்தும் தீங்கு விளைப்பர். விழுங்கப்பட்ட பொருள் யாது, அது எப்போது விழுங்கப்பட்டது என்னும் இரண்டையும் முதலில் அறிந்து, அப்பொருளின் தன்மைக்கேற்ப நடத்தலே சரியான முறையாகும்.

நாய் ஏன் விழுங்குகின்றது?

நாய் உணவை நன்றாக மென்று அரைத்து உண்ணும் பிராணியன்று. அதன் பற்கள் இறைச்சியைக் கிழிப்பதற்கும் எலும்பை உடைப்பதற்கும் ஏற்றவாறு அமைந்தவை. எனவே, தொண்டைக்குள் அடங்கக்கூடிய எத்துண்டையும் அது மெல்லாமலே விழுங்கிவிடும். பொருளின் உருவத்தைவிட மணமே அதனைக் கவர்கின்றது. மீன் இரை கோத்த தூண்டில், கருவாடு கட்டிய கடதாசி, கறி தோய்ந்த சோற்றுப்பொதித் தாள், சமையற் பாத்திரம் துடைத்த துணி ஆகியவை நாய்க்கு உணவாகவே தோன்றும். பல் முளைக்கும் பருவத்து நாய்க்குட்டி, மணமில்லாத பொருளையுங் கடித்துப் பார்க்கும். ஒரே வீட்டில் இரண்டு நாய்கள் இருந்தால், ஒன்று மற்றையது பறித்துவிடுமென அஞ்சி வாயிலுள்ளதை அவசரமாக விழுங்குதலும் உண்டு.

பொருள் எங்கே தங்கும்?

விழுங்கிய பொருள் தொண்டை, உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் என்னும் ஒழுங்கிற் செல்லும். தொண்டையிற் சிக்கினால் மூச்சுத் தடைப்படும். உணவுக்குழாயிலே நெஞ்சின் வாயிலும், இருதயத்துக்கு மேலும், இரைப்பைக்குச் சற்று முன்னும் பொருள்கள் தங்குவது வழக்கம். இரைப்பையோ விரிந்த பை போன்றது. அங்கே பெரிய பொருளும் இடங்கொள்ளும். ஆயின், இரைப்பைக்கு அப்பாலுள்ள சிறுகுடல் மிக ஒடுங்கியது. எனவே, தொண்டையைக் கடந்துவிட்டது என்பதனால் ஆபத்து நீங்கிவிட்டதெனக் கொள்ளலாகாது. மாங்கொட்டையொன்று இரைப்பையிலே பல நாட்கள், சிலவேளை பல வாரங்கள் தங்கியிருந்து, பின்னர் ஒரு நாள் குடலுக்குள் இறங்கி வழியை அடைத்துவிடுதல் கூடும்.

உடனே செய்ய வேண்டியவை

1. எஞ்சிய பொருளை நாய்க்கு எட்டாதவாறு அகற்றுக. வேறு நாய்கள் இருப்பின் அவற்றைக் கட்டி வைக்குக.

2. எது விழுங்கப்பட்டது, எவ்வளவு விழுங்கப்பட்டது, எத்தனை மணிக்கு விழுங்கப்பட்டது என்பவற்றைக் குறித்துக் கொள்க. கிழிந்த பை, கடித்த மருந்து உறை, நஞ்சுப் போத்தலின் சுட்டுத்துண்டு ஆகியவற்றை எறிந்துவிடாது வைத்தியரிடம் கொண்டு செல்வதற்காக வைத்திருத்தல் வேண்டும்.

3. நாயின் மூச்சையும் முரசையும் கவனிக்குக. நலமான நாயின் முரசு இளஞ்சிவப்பாயிருக்கும். அதனை விரலால் அழுத்தி விட்டால், வெளுத்த இடம் இரண்டு வினாடிகளுக்குள் மீண்டும் சிவக்கும். முரசு வெளிறியோ நீலம் பாய்ந்தோ காணப்பட்டால் ஒரு நிமிடமேனும் தாமதியாது வைத்தியரை நாடுதல் வேண்டும்.

4. வைத்தியர் சொல்லும் வரை உணவு கொடுத்தலாகாது. வயிறு வெறுமையாயிருப்பின், மயக்க மருந்து கொடுத்துச் சிகிச்சை செய்வது எளிதாகும்.

5. பிரதேசத்து அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்துக்குச் செய்தி அறிவித்து, அங்கிருந்து வரும் ஆலோசனைப்படி நடக்குக.

மூச்சு அடைத்தால்

பொருள் தொண்டையில் அடைத்தால், நாய் முன்கால்களால் வாயைப் பிறாண்டும். வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கும். நாக்கு நீலம் பாயும். நாய் பலமாக இருமக் கூடியதாயிருந்தால் இருமவிடுதலே நன்று. இருமவும் இயலாது தவித்தால் வீட்டார் உடனே உதவுதல் வேண்டும்.

ஒருவர் நாயை இறுகப் பிடிக்க, மற்றொருவர் வாயைத் திறந்து பார்க்கலாம். பொருள் கண்ணுக்குத் தெரிந்து, கைக்கு எட்டுமாயின் மாத்திரம் விரலாலோ சிறிய குறட்டாலோ பற்றி எடுக்கலாம். தெரியாத பொருளைத் தேடி விரலை உள்ளே செலுத்தினால் அது மேலும் ஆழத்துக்குச் சென்றுவிடும். சிறிய நாயாயின், பின்புறத்தைத் தூக்கித் தலை கீழ்நோக்கும்படி பிடித்து, தோள்களுக்கு இடையே உள்ளங்கையால் நான்கைந்து முறை தட்டுதல் வேண்டும். பெரிய நாயாயின், அதன் பின்னால் நின்று வயிற்றைச் சுற்றிக் கைகளைக் கோத்து, விலா எலும்புகளுக்குச் சற்றுப் பின்னே முட்டியை வைத்து, முன்னோக்கி மேலாக ஐந்து முறை விரைந்து அழுத்துதல் வேண்டும். பொருள் வெளியே வந்த பின்னரும், தொண்டையிற் காயமுண்டோவென வைத்தியர் பார்த்தல் அவசியமாகும்.

விசர்நாய் நோயையிட்டு எச்சரிக்கை

இங்கே கமக்காரர் ஒவ்வொருவரும் மறவாது கொள்ள வேண்டிய ஒன்றுண்டு. நாயின் தாடை தொங்கி, வாயிலிருந்து எச்சில் வடிந்து, குரல் மாறி, உணவையும் நீரையும் விழுங்க இயலாதிருந்தால், தொண்டையில் எலும்பு சிக்கியுள்ளது என்றே பலர் எண்ணுவர். அது விசர்நாய் நோயின் ஊமை வகையாகவும் இருக்கலாம். இவ்வகையில் நாய் சீறிப் பாய்வதில்லை; சோர்ந்து ஒதுங்கியே கிடக்கும். அதனாலேயே அதன் ஆபத்து எளிதிற் புலப்படுவதில்லை. எலும்பைத் தேடி அதன் வாய்க்குள் கையை விட்டவர், எச்சில் வழியே அந்நோயைத் தாமே ஏற்றுக்கொள்ள நேரிடும். இந்நோயின் குறிகள் மனிதரிடம் தோன்றிய பின்னர் உயிர் தப்புதல் மிக அரிது.

ஆகையால், நாய் ஒரு பொருளை விழுங்கியதை எவரும் நேரிற் காணாதவிடத்தும், நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி ஏற்றப்படாதவிடத்தும் அதன் வாயில் கை வைத்தலாகாது. அதனைத் தனியிடத்தில் அடைத்துவிட்டு மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். எச்சில் பட்டுவிட்டால் அல்லது பற்கள் கீறிவிட்டால், அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரிலே 15 நிமிடங்கள் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். காயம் சிறிதென்று தாமதித்தலாகாது.

பொருளுக்கேற்ற நடவடிக்கை

எலும்பு: சமைத்த எலும்பு, சிறப்பாகக் கோழியெலும்பு, கூரிய சிம்புகளாக உடையும். இரைப்பையை அடைந்த எலும்பு அங்குள்ள புளிப்பு நீரினாற் பெரும்பாலும் கரைந்துவிடும். உணவுக்குழாயிற் சிக்கிய எலும்போ கரையாது. உண்டதை உடனே கக்குதல், எச்சில் வடித்தல், கழுத்தை நீட்டி மீண்டும் மீண்டும் விழுங்க முயலுதல் ஆகியவை அதன் குறிகளாகும். ஒரு நாள் கடந்தால் எலும்பு குழாயின் சுவரை அரித்துத் துளைத்துவிடக் கூடும்.

மாங்கொட்டை, சோளப்பொத்தியின் தக்கை: இவை கரைவதுமில்லை, செரிப்பதுமில்லை. நாய் அன்று நலமாயிருப்பினும் வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். இரைப்பையிலிருக்கும் போதே அகற்றுதல், குடலை வெட்டி அகற்றுவதிலும் எளிது.

நூல், கயிறு, வலை: நூல் மெல்லியதாயினும் தீங்கு மிகப் பெரிது. நூலின் ஒரு தலைப்பு நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலிலோ மாட்டிக்கொள்ள, மறு தலைப்பு குடலுக்குள் இறங்கும். குடல் உணவைத் தள்ளுமாறு அசையுந்தோறும் நூலின்மீது சுருங்கி மடிந்து, ஈற்றில் நூல் குடலை வாள் போல அறுத்துவிடும். பறவைகளைத் தடுக்கத் தோட்டத்திற் கட்டும் நைலோன் வலையின் துண்டும், உரப்பையின் வாயைத் தைத்த நூலும் இவ்வகையினவே. வாயிலோ மலவாயிலோ நூல் தொங்கக் கண்டால் எக்காரணங்கொண்டும் இழுத்தலாகாது. இழுத்தவர் கையிலேயே குடல் அறுபடும்.

ஊசியும் தூண்டிலும்: கூரிய பொருளை வாந்தியெடுக்கச் செய்தலாகாது, உள்ளே சென்ற கூர் திரும்பி வரும்போது மீண்டும் கிழிக்கும். தூண்டிலுடன் நூல் இருப்பின் அதனை ஒட்ட வெட்டாது நீளமாகவே விடுதல் வேண்டும். மேலும் விழுங்காதபடி நூலின் வெளித்தலைப்பைக் கழுத்துப்பட்டியிலே தளர்வாகக் கட்டி வைக்கலாம். தூண்டில் எங்குள்ளது என்பதை அறியவும் அதனை எடுக்கவும் அந்நூல் வைத்தியருக்கு உதவும்.

பொலித்தீனும் துணியும்: சோற்றுப்பொதி சுற்றும் பொலித்தீன் தாள் 2017 செப்ரெம்பர் 1 முதல் இலங்கையிலே தடைசெய்யப்பட்டதாயினும், வேறு பல பொலித்தீன் வகைகள் வீடுகளிலும் தோட்டங்களிலும் உள்ளன. சிறு துண்டு மலத்துடன் வெளியேறலாம். பெரிய தாளும் துணியும் இரைப்பையிலே சுருண்டு பந்தாகி வழியை அடைக்கும்.

பற்றரி: கைக்கடிகாரத்திலும் சிறுவர் விளையாட்டுப் பொருள்களிலும் உள்ள பொத்தான் போன்ற பற்றரி மிகக் கொடியது. ஈரமான உணவுக்குழாயில் ஒட்டியதும் அதிலிருந்து மின் ஓடி, சில மணித்தியாலங்களுக்குள் தசையைச் சுட்டுப் புண்ணாக்கும். டோர்ச் பற்றரியைக் கடித்து உடைத்தாலும் உள்ளிருக்கும் காரம் வாயையும் தொண்டையையும் வேகச் செய்யும். வாயை நீரினாற் கழுவிவிட்டு உடனே வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும். வாந்தியெடுக்கச் செய்தலாகாது.

எலி நஞ்சு: எலி நஞ்சுகள் ஒரே வகையின அல்ல. ஒரு வகை, இரத்தம் உறைதலைத் தடுத்து உள்ளே குருதி கசியச் செய்யும். அதனை உண்ட நாய் இரண்டு மூன்று நாட்கள் நலமாகவே காணப்படும். பின்னரே சோர்வு, முரசு வெளிறல், மூக்கிலும் மலத்திலும் இரத்தம் என்பன தோன்றும். உண்ட அன்றே வைத்தியரை அடைந்தால், கே விற்றமின் கொடுத்துக் காப்பாற்றலாம். மற்றொரு வகை நாகப் பொசுபைட்டு எனப்படும் கருமையான தூள். இது இரைப்பையின் புளிப்பு நீருடன் சேர்ந்து நச்சு வாயுவை உண்டாக்கும். அவ்வாயு நாய் எடுக்கும் வாந்தியிலிருந்தும் எழுமாதலால், நாயைத் திறந்த வெளியில் வைத்து, வாந்தியை முகர நேராதவாறு மனிதர் விலகி நிற்றல் வேண்டும். உணவு கொடுத்தால் புளிப்பு நீர் மிகுமாதலால் எதனையும் ஊட்டலாகாது.

பூச்சிநாசினியும் மண்ணெண்ணெயும்: சில பூச்சிநாசினிகளை நக்கிய நாய்க்கு எச்சில் பெருகும், தசைகள் துடிக்கும், கண்மணி சிறுக்கும், கழிச்சல் உண்டாகும். இது உயிருக்கு உடனடி ஆபத்தாகும். போத்தலின் சுட்டுத்துண்டைக் கண்டால் வைத்தியர் அதற்குரிய மாற்று மருந்தை விரைவில் ஏற்றலாம். உடம்பில் மருந்து பட்டிருந்தால் கையுறை அணிந்து சவர்க்கார நீராற் கழுவுதல் வேண்டும். மண்ணெண்ணெய் குடித்த நாயை வாந்தியெடுக்கச் செய்தால், எண்ணெய் சுவாசப்பைக்குள் இறங்கி மூச்சைக் கெடுக்கும்.

மனிதர் மருந்து: பரசிற்றமோல் முதலிய நோவு மாத்திரைகள் நாய்க்குப் பெருந்தீங்கு விளைக்கும். எத்தனை மாத்திரைகள் குறைந்துள்ளன என எண்ணிப் பார்த்து, உறையுடன் வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும்.

வாந்தியெடுக்கச் செய்யலாமா?

கமக்காரர் தாமாக இதனைச் செய்தலாகாது. வாந்தியெடுத்தல் பயன்படும் சந்தர்ப்பங்கள் உண்டு. பொருள் கூரற்றதாயும், எரிக்காததாயும், விழுங்கி ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்களுக்கு உட்பட்டதாயும், நாய் தெளிந்த நிலையிலும் இருந்தால், வைத்தியர் அதற்குரிய ஊசி மருந்தை ஏற்றி வெளிக்கொணர்வார். நேரங் கடந்தால் பொருள் குடலை நோக்கி நகர்ந்துவிடும். விரைந்து செல்லுதலின் பயன் இதுவேயாகும்.

கிராமங்களிற் சிலர் உப்பைக் கரைத்துப் பருக்குவர். மிகுந்த உப்பு இரத்தத்திற் சேர்ந்து மூளையைப் பாதித்து, வலிப்பை உண்டாக்கிக் கொல்லவும் கூடும். நாய் முன்னர் விழுங்கிய பொருளால் இறவாது, பின்னர் பருக்கிய உப்பால் இறத்தல் பரிதாபத்துக்குரியது. தேங்காய்ப்பாலையும் எண்ணெயையும் வலிந்து ஊற்றினால் அவை சுவாசப்பைக்குட் செல்லலாம். சில நஞ்சுகள் கொழுப்புடன் சேர்ந்து உடலில் மேலும் விரைவாகப் பரவுதலும் உண்டு. பேதி மருந்து கொடுத்தால், அடைபட்ட குடல் வெடித்துவிடக் கூடும்.

வீட்டில் வைத்துக் கவனிக்கும்படி வைத்தியர் சொன்னால்

சிறிய, வழுவழுப்பான பொருளாயின், அது தானே வெளியேறுமென்று வைத்தியர் நாயை வீட்டுக்கு அனுப்புதல் உண்டு. அவ்வாறாயின், நாயைக் கட்டி வைத்து, ஒவ்வொரு முறையும் கழிக்கும் மலத்தைக் குச்சியாற் கிளறிப் பார்த்தல் வேண்டும். பொருள் பெரும்பாலும் மூன்று நாட்களுக்குள் வெளிப்படும். சிலவேளை ஒரு வாரமும் செல்லும். அவிழ்த்துவிட்ட நாய் வயலிற் கழித்துவிட்டால், பொருள் வெளிவந்ததோ இல்லையோ என்பது ஒருபோதும் தெரியவராது.

பின்வரும் குறிகளுள் ஒன்றேனும் தோன்றினால், பகலாயினும் இரவாயினும் வைத்தியரை நாடுதல் வேண்டும்: மீண்டும் மீண்டும் வாந்தியெடுத்தல், குடித்த நீரும் உள்ளே தங்காமை, உணவை வெறுத்தல், வயிற்றைத் தொடவிடாமை, முன்கால்களை நீட்டி நெஞ்சைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி நிற்றல், மலங்கழிக்க முக்கியும் இயலாமை, மலம் கரியதாக அல்லது இரத்தங் கலந்து போதல், வயிறு உப்புதல், எழுந்திராது சோர்ந்து கிடத்தல்.

வைத்தியரிடம் கொண்டு செல்லுதல்

பெரிய நாயைப் பலகையிலோ, இருவர் பிடித்த உரச்சாக்கிலோ கிடத்தித் தூக்குதல் வேண்டும். நோவு மிகுந்த நாய் எசமானையுங் கடிக்கும். எனினும், மூச்சுத் திணறும் நாய்க்கும் வாந்தியெடுக்கும் நாய்க்கும் வாயைக் கட்டுதல் ஆகாது. எலும்பும் உலோகமும் எக்ஸ்றே படத்திற் தெளிவாகத் தெரியும். துணியும் பொலித்தீனும் அவ்வாறு தெரியமாட்டா. ஆகவே, வீட்டார் கண்டு சொல்லும் செய்தி படத்தைப் போலவே பயனுடையது. எக்ஸ்றே வசதியும் சத்திரசிகிச்சை வசதியும் எல்லா அலுவலகங்களிலும் இருப்பதில்லை. தேவையாயின், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ போதனா வைத்தியசாலை போன்ற இடங்களுக்கு அனுப்பப்படுதல் உண்டு. பயணம் நீண்டதாகையால் காலையிலேயே புறப்படுதல் நன்று.

வருமுன் காத்தல்

தூண்டில்களை இரையை நீக்கிக் கழுவி, மூடியுள்ள பேணியில் வைக்குக. தைத்து முடித்ததும் ஊசியையும் நூலையும் எண்ணி எடுத்து வைக்குக. மாங்கொட்டையையும் கோழியெலும்பையும் குப்பைக் கிடங்கிலே ஆழப் புதைக்குக. உரப்பைகளையும் வலைத்துண்டுகளையும் வரம்பில் விட்டுச் செல்லற்க. பூச்சிநாசினியைச் சோடாப் போத்தலில் மாற்றி வைத்தலாகாது. அது நாய்க்கு மாத்திரமன்று, வீட்டுப் பிள்ளைகளுக்கும் எமனாகும். எலி நஞ்சை நாயின் வாய் நுழையாத குழாய்க்குள்ளோ மூங்கில் துண்டுக்குள்ளோ வைத்து, எஞ்சியதையும் செத்த எலிகளையும் காலையிற் பொறுக்கிப் புதைக்குக. நாய்க்கு நேரந் தவறாது உணவளிக்குக. பசித்த நாயே குப்பையைக் கிளறும். ஆண்டுக்கொருமுறை விசர்நாய்த் தடுப்பூசி ஏற்றுவிக்குக.

தூண்டிலுக்கு ஒரு பேணியும், எலும்புக்கு ஒரு குழியும், நஞ்சுக்குப் பூட்டிய பெட்டியும் பெருஞ் செலவுடையனவல்ல. இவற்றைச் செய்த பின்னரும் நாய் எதனையேனும் விழுங்கிவிட்டால், உப்பையும் எண்ணெயையும் நாடாது, பொருளின் பெயரையும் விழுங்கிய நேரத்தையும் குறித்துக்கொண்டு வைத்தியரை நாடும் கமக்காரரே தமது வயற்காவலனைக் காப்பாற்றிக் கொள்வார்.